அக்காவை டொக்டர் என்று கூப்பிட்ட இடம்

பிள்ளைகளா, போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவன் ஒரு கேள்வி கேட்டான். "ரெண்டு இடத்துல வேலை கிடைச்சிருக்குப்பா. ஒண்ணுல சம்பளம் கூட. எதுக்குப் போகட்டும்?" நான் பதில் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நன்றாகக் கேட்டது. ஆனால் அதற்குப் பதில் சொல்வதென்றால் உங்க அக்காவின் முதல் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீங்க. அக்கா வேலையை விட்டுவிட்டாள் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்.

அவள் கெம்பஸில் பட்டம் முடித்த அடுத்த வருஷம், மழை தொடங்குகிற நேரம், கடுகண்ணாவைப் பக்கம் பெரிய ரோட்டை ஒட்டியிருக்கிற ஒரு மூலிகைத் தோட்டத்தில் நடந்தது இது. அந்த இடத்தின் பெயர் வேண்டாம். அந்த ரோட்டில் அப்படி நிறைய இடம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களை வேனில் கொண்டுவந்து இறக்குவார்கள். மிளகுக் கொடி, ஏலக்காய், கறுவா எல்லாம் காட்டி, கடைசியில் எண்ணெய்ப் போத்தலும் லேகியமும் விற்பார்கள்.

நான் படித்தது பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைக்கும். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டி டவுனுக்கு இறங்கி வந்து புடவைக் கடையில் சேர்ந்தவன், இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன். கடையில் நிற்கிறவனுக்குச் சந்தேகம் தானாக ஒட்டிக்கொள்ளும். வாசலில் காலை வைக்கிற ஆள் வாங்க வந்தாரா, மழைக்கு ஒதுங்க வந்தாரா என்று பார்த்தவுடனே எடை போடுவோம். "உங்க கண்ணுக்கு எதப் பாத்தாலும் ஓட்டைதான் தெரியும்" என்று உங்க அம்மா என்னைத் திட்டுவது அதனால்தான்.

அக்காவோடு படித்தவர்கள் எல்லாம் அரசாங்க நியமனம் வரும் வரும் என்று வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள். இவள் காத்திருக்கவில்லை. தாவரவியல் படித்த பிள்ளை தேவை என்று யாரோ சொல்ல, நேரே போய்ப் பேசி வேலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீடே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. சம்பளம் புதுசாக வந்த பிள்ளைக்குக் கொடுக்கிற சம்பளம் இல்லை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்கிறது, மத்தியானச் சாப்பாடு அவர்களுடையது. செடிக்குப் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு யாராவது இவ்வளவு கொடுப்பார்களா? தோட்டத்தில் பிறந்தவன் நான். இனாமாக ஒரு கம்பளி கொடுத்தால்கூட, நாளைக்கு என்ன கேட்கப் போகிறார்களோ என்று பார்த்து வளர்ந்தவன்.

"படிச்ச படிப்புக்குக் குடுக்கிறாங்க" என்றாள் உங்க அம்மா.

"படிப்புக்கா, வேற எதுக்குமா?" என்றேன்.

"வாயக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

முதல் கொஞ்ச நாள் அக்கா வந்ததும் வராததுமாக அதைப் பற்றியே பேசினாள். எந்தச் செடி எந்த நாட்டிலிருந்து வந்தது, எதன் பட்டை, எதன் வேர் என்று. உங்களுக்குக்கூட ஞாபகம் இருக்கலாம், ஜாதிக்காயை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பாடம் எடுத்தாள். பிறகு பேச்சு நின்றது. திடீரென்று இல்லை, குழாயில் தண்ணீர் குறைவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக. வேனிலிருந்து இறங்கி வருவாள், முகம் கழுவுவாள், போட்டுக்கொண்டு போகிற வெள்ளைக் கோட்டைத் தானே துவைப்பாள். அதை வெளியே கொடியில் போட மாட்டாள். அறைக்குள் ஜன்னல் கம்பியில் மாட்டிக் காய வைப்பாள்.

நான் கவனித்தேன். வெயில் அடிக்கிற நாளில் ஏன் உள்ளே காய வேண்டும்?

கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்பாள். ஒன்றுமில்லை என்று ஒரு பெண் பிள்ளை சொன்னால் அப்பன்காரன் மனசு எங்கேயெல்லாம் போகும் என்று நீங்களும் ஒரு நாள் தெரிந்துகொள்வீங்க. முதலில் வேன் டிரைவரைச் சந்தேகப்பட்டேன். அவனுக்கு என் வயது என்று தெரிந்ததும் மெனேஜரைச் சந்தேகப்பட்டேன். அதற்குப் பிறகு, சொல்லவே கூசுகிறது, அவளையும்தான். பணத்தைப் பார்த்து மாறிவிட்டாளோ, எங்களிடம் சொல்ல முடியாத ஏதாவது நடக்கிறதோ என்று. பக்கத்து வீட்டு அம்மா வேலி ஓரம் நின்று, "ஒங்க மகள அங்க டொக்டர்னு கூப்புடுறாங்களாமே!" என்று கேட்டபோது உங்க அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குச் சந்தேகம்தான் கூடியது. செடி படித்தவள் எப்படி டொக்டர் ஆனாள்?

பௌர்ணமி லீவான போயா நாளில் எங்கள் கடை பூட்டு, அவர்கள் இடம் திறந்திருக்கும். ஒரு போயா அன்று, கூட்டாளி ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு கடுகண்ணாவைக்கு பஸ் ஏறினேன்.

தோட்டத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே உட்கார்ந்து கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் ஓட்டுகிற ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அலவத்துகொடக்காரர், முஸ்லிம் மனுஷர், நல்ல பேச்சு. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வயசாளித் தம்பதியைக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் கடையின் பின்பக்கம் கைகால் கழுவப் போயிருந்தார்கள்.

நான் மெதுவாகத் தொடங்கினேன். "இந்த இடம் எப்படிங்க?"

"நல்ல இடம் அண்ணே. உள்ள சாமான் வித்துப் போனா எங்களுக்கும் ஒரு பங்கு ஈக்கிது. இல்லாட்டி நாங்க ஏன் இங்க நிப்பாட்டுற?" என்று சிரித்தார்.

"டொக்டர் ஒருத்தங்க இருக்காங்களாமே?"

"ஒரு புள்ள ஈக்கிது. நல்லாச் செல்லிக் குடுக்கும். இலையக் கசக்கி மூக்குல வெச்சுச் செல்லும். ஆனா அண்ணே, அந்தப் புள்ள கூட்டிப் போனா சாமான் மட்டும் போகாது." கையை விரித்தார். "எங்கட டிரைவர் ஆக்கள் அந்தப் புள்ளய வேணாங்கிறாங்க. மெனேஜரும் திட்டி ஒரே சத்தம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பளமும் கூட, சத்தமும் கூட. விற்காத பிள்ளையை ஏன் வைத்திருக்கிறார்கள்? அவள் ஏன் இருக்கிறாள்?

நான் யார் என்று சொல்லாமல், "உள்ள போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டேன். "தனியா வந்த ஆள அவங்க கணக்கெடுக்க மாட்டாங்க. வாங்க, என்ட ஆள்னு செல்றேன்" என்று கூட்டிப் போனார்.

அந்தத் தம்பதி யாழ்ப்பாணத்துக்காரர்கள். கனடாவில் பிள்ளைகளோடு இருக்கிறார்களாம். அவர்கள் முன்னால் போக, நானும் டிரைவரும் பின்னால் போனோம். மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில் உங்க அக்கா நின்றாள். வெள்ளைக் கோட். சட்டைப் பையில் பேனை. கண்ணாடி போட்ட மெனேஜர் கொஞ்சம் தள்ளி நின்று, "டொக்டர், இவங்களக் கவனிங்க. தமிழ் ஆக்கள்" என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. டிரைவர் நல்ல பருமனான ஆள், நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என் பிள்ளையின் வேலையைத் திருடன் மாதிரி ஒளிந்து நின்று பார்த்தேன்.

செடியைப் பற்றி அவள் பேசும்போது குரல் நன்றாக இருந்தது. ஏலக்காய்ப் பூவைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெரியவர், "இது நிலத்தோட பூக்கிறதெண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது" என்று குனிந்து குனிந்து பார்த்தார். அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்.

"டொக்டர் பிள்ளை, எனக்குச் சீனி வருத்தம். கனகாலமா ஊசிதான். நீங்கள் விக்கிற அந்தக் கசாயம் குடிச்சால் ஊசிய விடலாமெண்டு வாசலிலை ஒரு தம்பி சொன்னவர். விடலாமோ?"

மெனேஜர் சிரித்த முகம் மாறாமல், "சொல்லுங்க டொக்டர்" என்றார்.

அக்கா குனிந்தாள். கையில் இருந்த மிளகு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவள் என்ன சொல்லப் போகிறாள்? ஆமாம் என்று சொன்னால் என் சந்தேகம் எல்லாம் சரி. அதைவிடப் பெரிசாக, அந்த அம்மாவின் உயிர். டிரைவர் என் காதில், "பாருங்க, இப்ப பேச்ச மாத்தும்" என்று முணுமுணுத்தார்.

அவள் மாற்றவில்லை.

"அம்மா, நான் டொக்டர் இல்ல. கெம்பஸ்ல செடி படிச்ச பிள்ளை. ஊசிய மட்டும் நிப்பாட்டிறாதீங்க."

பெரியவர் நிமிர்ந்தார். "அப்ப உந்தக் கோட்?"

"இவங்க குடுத்தது ஐயா."

அந்த அம்மா கணவனைப் பார்த்து மெல்லிய குரலில், "நான் காலமை ஊசி போடேல்லை. இஞ்ச கேட்டிட்டுப் பாப்பமெண்டு இருந்தனான்" என்றார்.

"என்ன? போடேல்லையோ? என்னட்டப் போட்டனெண்டெல்லோ சொன்னனீர்!" பெரியவருக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்துவிட்டது. "நடவும், நடவும் வானுக்கு! உமக்கு என்ரை பேச்சைத் தவிர ஊரிலை எல்லாற்றை பேச்சும் பிடிக்கும்."

அந்த அம்மா போகிற போக்கில் அக்காவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். டிரைவர் விலகி வழிவிட்டார். நான் அப்படியே வெளியே தெரிந்தேன்.

"அப்பா!" என்றாள்.

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடே, வாப்பாவா நீங்க! அண்ணே, நா செல்லினத மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வேனைப் பார்க்க ஓடினார்.

மெனேஜர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. எங்கள் ரெண்டு பேரையும் ஒபிசுக்குக் கூட்டிப் போய், எனக்கு நல்ல கதிரையைக் காட்டி, பால் தேத்தண்ணியும் கேக்கும் வரவழைத்தார். பேச்சிலேயே நம்ம மலைநாட்டுப் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. எடுத்தவுடனே "அண்ணே" என்றார்.

"அண்ணே, நீங்க வந்தது நல்லதாப் போச்சு. புள்ளைக்கு நீங்கதான் சொல்லணும். நல்ல அறிவு. ஆனா கொஞ்சம் வளைஞ்சு போகணுமில்ல? இதுக்கு முன்ன வந்த பட்டதாரிப் புள்ளைகளும் ஒருத்தரும் நிக்கல. சாப்பாடு குடுக்கிறோம், வேன் குடுக்கிறோம், டொக்டர்னு மரியாதை குடுக்கிறோம். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு இன்னும் என்னதான் வேணும்?"

அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். பிறகு குரலைத் தாழ்த்தி, சம்பளத்தைக் கூட்டித் தரலாம் என்றார். கேற்றில் ஒரு ஆள் தேவை, கடையில் நின்று கஷ்டப்படுவதைவிட நானும் வரலாம் என்றார். கேக்கைத் தொடாமல் வைத்தேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளா, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு "இரு" என்று சொல்லத்தான் வாய் வந்தது. வீட்டு வாடகை, உங்க ரெண்டு பேருடைய டியூஷன், உங்க அம்மாவின் சிரித்த முகம், எல்லாம் அந்தக் கதிரைக்கு முன்னால் வந்து நின்றது. ஆனால் கடையில் பழகின வாய், வேறு ஒன்றைக் கேட்டது.

"தம்பி, ஒங்க அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கண்ணே."

"அவங்களுக்குச் சீனி இருக்கா?"

"இருக்கு. அந்த வயசில யாருக்கில்ல?"

"அவங்களும் இந்தக் கசாயந்தான் குடிக்கிறாங்களா?"

"சேச்சே. அவங்களுக்கு கிளினிக் மருந்துண்ணே. அத எப்படி நிப்பாட்டுற..."

அதோடு நிறுத்திக்கொண்டார். தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கினார். ஏற்கெனவே சீனி போட்டுக் கலக்கிய தேத்தண்ணிதான்.

நான் அக்காவிடம், "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டேன்.

"செடியப் பத்தி மட்டும் பேசுறதுன்னா இருக்கிறேன். கோட்டும் வேணாம், டொக்டரும் வேணாம். சம்பளத்தக் கொறைச்சாலும் பரவால்ல" என்றாள்.

மெனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "கோட் இல்லாட்டி யாரும்மா வாங்குவா?"

"அப்ப நான் நாளைக்கு வரல சேர்" என்றாள். கோட்டைக் கழற்றி, நன்றாக மடித்து, மேசையில் வைத்தாள். நான் எழுந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பஸ் பேராதனையைத் தாண்டியது. பிறகு நான் கேட்டேன், ஏன் முதலே சொல்லவில்லை என்று.

"அம்மா அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. நீங்களும் வாடகைக் கஷ்டம் கொஞ்சம் கொறைஞ்சுதுன்னு சொன்னீங்க. அந்த மாதிரிக் கேள்வி வந்தா பேச்ச மாத்தி மாத்தி ஓட்டினேன். இன்னைக்கு மாத்த முடியலப்பா. அவங்க என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க." என் பக்கம் திரும்பி, "அது சரி, நீங்க ஏன் வந்தீங்க?" என்றாள்.

"சும்மா."

"சும்மா போயா நாள்ல டிரைவருக்குப் பின்னால ஒளிஞ்சு நிப்பாங்களா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். என்ன சந்தேகப்பட்டேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தது. இறங்கப் போகிற நேரம் வேறு ஒன்று கேட்டாள்.

"அப்பா, கடையில ஒங்ககிட்ட 'இது சாயம் போகுமா'ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"முதலாளி சொல்லச் சொன்னதச் சொல்வேன்."

"என்ன சொல்லச் சொன்னாரு?"

"போகாதுன்னு."

"போகுமா?"

அதற்குள் பஸ் நின்றுவிட்டது. இறங்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்க அம்மா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. நான்தான் போய் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று அவள் கணக்கு. பக்கத்து வீட்டு அம்மா, "டொக்டரம்மா வீட்டிலயா?" என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். அக்கா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள், விண்ணப்பம் போட்டாள், அழுதாள், திரும்பவும் விண்ணப்பம் போட்டாள். மழை முடிந்து அடுத்த மழையும் வந்த பிறகுதான் இப்போது இருக்கிற அந்தச் செடிக்கன்று வளர்க்கிற இடத்தில் சேர்ந்தாள். சம்பளம் முந்தினதைவிடக் குறைவு. வேன் கிடையாது, சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறாள். ஆனால் இத்தனை வருஷமாக அங்கேயே இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் இன்ன கன்று பிழைத்தது, இன்னது வாடிப்போனது என்று பேசிக்கொண்டே இருக்கிறாள். நிறுத்தச் சொல்லி நீங்களே கத்துகிறீங்க. அவளைப் பேச விடுங்க. அந்தப் பேச்சு நின்றுபோன வீட்டில் நான் இருந்திருக்கிறேன்.

அந்த இடத்தையும் நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. அது என் குணம், இனி மாறாது.

அதனால் சின்னவனே, எந்த வேலைக்குப் போகிறது என்று என்னிடம் கேட்டாயே. என்ன தருவார்கள் என்று நீ விசாரித்துவிட்டாய், நல்லது. இன்னும் ஒன்றையும் விசாரித்துக்கொள். அங்கே உன் வாயால் தினமும் என்ன சொல்லச் சொல்வார்கள்? அதை உங்க அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும் என்றால் போ. சொல்ல முடியாது என்றால், எவ்வளவு கொடுத்தாலும் உன்னால் அங்கே நிற்க முடியாது. நின்றாலும் வீட்டுக்கு வந்து பேச மாட்டாய்.

உங்க அம்மாவிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் போயாவுக்கு மறுநாள் காலையில் நான் கடைக்கு மற்றவர்களுக்கு முன்னால் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, விளக்கைப் போட்டேன். நாங்கள் அதிகமாக விற்கிற அந்தச் சிவப்புச் சேலையில் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தேன். வெள்ளைத் துண்டுத் துணி ஒன்றைக் குழாயில் நனைத்துப் பிழிந்தேன். இத்தனை வருஷம் போகாது, போகாது என்று சொல்லியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் தேய்த்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பதில் எதுவாக இருந்தாலும் இனிமேல் அது என் வாயிலிருந்துதான் வரணும் என்று நினைத்துக்கொண்டு, அந்தத் துணியைச் சேலையின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தேன்.